கரும்பு மேஸ்திரியின் நோட்டும் எங்கள் ஊராட்சியின் கல்வித் திட்டமும்

தலைமையாசிரியையாகப் பணி ஓய்வு பெற்ற பிறகு, 2022இல் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைக் கல்வியாளர் உறுப்பினராகச் சேர்த்தார்கள். கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியைத் தாண்டி, செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. இதில் வரும் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நாடு முழுமைக்கும் போட்ட பள்ளிக் கல்வித் திட்டத்தை ஒரு சின்ன ஊராட்சி தன் ஊருக்குத் தக்கபடி எப்படி எழுதிக்கொள்வது என்று இரண்டு வருடம் நடையாய் நடந்து தெரிந்துகொண்டேன். வேறு ஊரில் யாராவது இந்த வேலையில் இறங்கினால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரே பள்ளிக்கு இரண்டு திட்டங்கள் போடப்படுகின்றன என்பதே எனக்கு முதலில் தெரியவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும். மூன்று வருடத்துக்கான திட்டம், அதற்குள் வருடத்துக்கு ஒன்றாக உள்திட்டம். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், அதாவது டிசம்பருக்குள். அது வட்டார வள மையம், மாவட்டம், சென்னை என்று மேலே ஏறி, கடைசியில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கில் டெல்லிக்குப் போகிறது. 2018இல் தொடங்கிய திட்டம் அது. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று செலவைப் பகிர்கின்றன. இன்னொரு பக்கம், அக்டோபர் 2 தொடங்கி ஜனவரி கடைசிவரை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகிறது. அது கிராம சபையில் நிறைவேறி, ஊராட்சித் திட்டங்களைப் பதியும் ஈகிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறுகிறது. ஒன்று கல்வித் துறை வழியாகவும் மற்றது ஊரக வளர்ச்சித் துறை வழியாகவும் போகிறது. இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளை கல்வித் துறைக்குச் சொந்தம் என்பது போல.

ஊராட்சிச் செயலர் தம்பி பழைய திட்டங்களை எடுத்துக் காட்டினார். கல்வி என்ற தலைப்பில் வருடா வருடம் சுற்றுச்சுவர், பேவர் பிளாக், வெள்ளையடிப்பு, அங்கன்வாடிக்கு பெயின்ட். சுற்றுச்சுவர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மாடு உள்ளே வந்து படுக்கும் பள்ளியில் வேலை செய்தவள் நான். ஆனால் நான்கு வருடத் திட்டத்தில் பிள்ளை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

2023 அக்டோபர் 2 கிராம சபைக்கு ஆறு பக்கத்தில் ஒரு கல்வித் திட்டம் எழுதிக்கொண்டு போனேன். சமமான வாய்ப்பு, கற்றல் அடைவு, உள்ளடங்கிய கல்வி என்று மேலிருந்து வந்த படிவத்தின் தலைப்புகளை அப்படியே வரிசையாகப் போட்டிருந்தேன். வாசித்து முடித்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு தலைவர் அம்மா பக்கத்தில் வந்து, "டீச்சர், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நம்ம ஊரு எங்க டீச்சர் இருக்கு?" என்றார். என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பெண். அவர் கேட்டது நியாயம். வீட்டுக்கு வந்து அந்த ஆறு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து நடை. செயலர் தம்பி, ஒரு வார்டு உறுப்பினர், ஊர்க் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் டேங்க் ஆபரேட்டர், நான். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் குழாயில் தண்ணீர் வராது, யார் ஊரில் இல்லை என்பதெல்லாம் டேங்க் ஆபரேட்டருக்கு விரல் நுனியில் இருந்தது. எந்த ஊரிலும் முதலில் அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கணக்குப்படி எங்கள் ஊரில் பள்ளி செல்லாக் குழந்தைகள் பூஜ்யம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இருளர் குடியிருப்பில் ஒரு பாட்டி பேரனைப் பற்றிச் சொன்னார். "பொங்கலுக்கு வந்தான்மா. ஒரு வாரம் பள்ளிக்கூடம் போனான். மறுபடியும் கரும்பு வெட்டக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. சித்திரையிலதான் வந்தான்." பையன் மூன்றாம் வகுப்பு. தலைமையாசிரியையிடம் கேட்டு முந்தைய வருட வருகைப் பதிவேட்டை எடுத்து, அவன் பெயருக்கு நேரே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஆப்சென்ட். பொங்கல் முடிந்து ஐந்து நாள் வந்திருக்கிறான். பிறகு மார்ச்சில் ஒரு நான்கு நாள், ஒரு கருமாதிக்கு வந்தபோது. தொடர்ந்து 45 நாள் வராத பிள்ளையைத்தான் பள்ளி செல்லாக் குழந்தை என்று கணக்கெடுப்பில் எடுப்பார்கள். நாற்பதை நெருங்கும்போதெல்லாம் இவன் நான்கைந்து நாள் வந்துவிடுகிறான். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடுகிறது. பதிவேட்டில் தப்பே கிடையாது. வருடத்தில் பாதியைத் தொலைத்த பிள்ளைக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லாமல் போயிருக்கிறது. அதே போல எண்ணிப் பார்த்தோம். 58இல் 11 பேர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளிகளிலும் இப்படி எத்தனை பேரைப் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேனோ.

அந்தக் குடும்பங்களுக்கு எப்போது கிளம்புவோம் என்று முன்கூட்டித் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, வண்டி பிடித்து அழைத்துப் போவது அவர்தான். அவரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிடலாம் என்றேன். சிலருக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகளை வேலைக்கு இழுத்துப் போகிறவரைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைப்பதா என்று கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் வந்து, சட்டைப்பைக்குள்ளிருந்து ஓரம் மடங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். எந்த வீடு, எத்தனை அரிவாள், எவ்வளவு முன்பணம், எந்த மாவட்டம், எந்தத் தேதி, எல்லாம் இருந்தது. "அரிவாள் பிடிக்கிற ஆளுக்குத்தான் நான் காசு குடுக்கிறேன். புள்ளைங்களை நான் கேக்கிறதில்ல. விட்டுட்டு வர இடமில்லன்னு கூட்டிக்கிட்டு வர்றாங்க டீச்சரம்மா" என்றார். எங்கள் திட்டம் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கியது.

விட்டுட்டு வர ஒரு இடம். பருவகால விடுதிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் வழி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதுக்காரர்கள். விடுதிக்கு அனுப்பத் தாய்மார்கள் ஒப்பவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டிகளோடு பேசினோம். அவர்கள் தயங்கியது சோற்றுக்காக. அந்த வருடம் ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்திருந்தது. காலையும் மதியமும் பள்ளியில் கிடைத்துவிடும், ராத்திரிக்கு மட்டும்தான் என்று கணக்குப் போட்ட பிறகு ஐந்து பாட்டிகள் சரி என்றார்கள். ராத்திரிக்கு மகளிர் குழுப் பெண்கள் பொறுப்பேற்றார்கள்.

கூடவே போகும் பிள்ளைகளுக்கு ஒரு அட்டை தயாரித்தோம். அஞ்சலட்டை அளவு. பெயர், வகுப்பு, எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குரிய எண்), தமிழும் கணக்கும் எதுவரை தெரியும் என்று இரண்டு வரி, எங்கள் பள்ளியின் தொலைபேசி எண். பின்பக்கத்தில் சட்டத்தின் இரண்டு வரிகள்: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளையைச் சேர்ப்பது அந்த இடத்து உள்ளாட்சியின் கடமை. பின்னது 9ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவை ஒவ்வொரு ஊராட்சித் தலைவரும் ஒரு முறை வாசிக்க வேண்டும். தன் எல்லையில் உள்ள 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருப்பதும், பள்ளியைக் கண்காணிப்பதும், கல்வி நாட்காட்டியை முடிவு செய்வதுகூட உள்ளாட்சியின் கடமையாக அதில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் நாட்காட்டி சென்னையிலிருந்து வருகிறது. முந்திரிப் பருவம் ஆண்டுத் தேர்வோடு மோதுவதை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தூரத்துக்கு வருகிறேன். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, துணையாள் செலவாக வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு ரூ.6,000 வரை தரத் திட்டத்தில் வழி உண்டு. எங்கள் குடியிருப்பு வரைபடத்தில் நேர்கோடாக 900 மீட்டர். காக்கைக்குச் சரி, பிள்ளைக்கு நடுவில் ஓடை இருக்கிறது, தோப்பைச் சுற்றி வர வேண்டும். டேங்க் ஆபரேட்டரின் பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்து, மீட்டர் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு அளந்தோம்: 1.7 கிலோமீட்டர். அதைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதினோம். குடியிருப்புப் பெண் ஒருவரே துணையாள். அடுத்த கல்வியாண்டில்தான் ஒப்புதல் வந்தது, ஆனால் வந்தது.

தளத்தில் ஏற்றும்போது ஒரு முட்டுக்கட்டை. ஊராட்சிக்கு அப்போது வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கியது. மீதியைத்தான் விருப்பப்படி செலவழிக்க முடிந்தது, அதற்கு ஆயிரம் வாய். பாட்டிகளோடு பேசுவதையும் அட்டை எழுதுவதையும் எந்த வேலையாகக் காட்டுவது? செலவில்லாப் பணி, குறைந்த செலவுப் பணி என்று ஊராட்சித் திட்டத்திலேயே ஒரு வகை இருப்பதைச் செயலர் தம்பிதான் தேடிப் பிடித்தார். குழந்தை நேய ஊராட்சி என்ற தலைப்பின் கீழ் நான்கு வரி ஏறியது. பள்ளிக் கழிப்பறைக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுப்பதைக் குடிநீர், துப்புரவுக்கு ஒதுக்கிய அந்த நிதியில் போட்டோம், அது சுலபமாக முடிந்தது. பள்ளிக்கு வரும் ஒருங்கிணைந்த மானியம் ரூ.25,000, அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவழிக்க வேண்டும் என்பதால் குழாய்ப் பராமரிப்பை அங்கே வைத்தோம். இரண்டு திட்டங்களும் முதல் முறையாக ஒரே குழாயில் சந்தித்தன.

நவம்பர் 1 கிராம சபையில் ஒரே பக்கம் வாசித்தேன். இந்த முறை எல்லோரும் பேசினார்கள். குடியிருப்பிலிருந்து பாட்டிகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பருவத்தில் 11 பேரில் ஐந்து பேர் ஊரிலேயே தங்கிப் படித்தார்கள். நான்கு பேர் அட்டையோடு போனார்கள். இரண்டு பேர் அங்கே பள்ளியில் சேர்ந்தார்கள். ஒரு பள்ளியில் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் செயலர் அந்த ஊராட்சிச் செயலரிடம் இரண்டு முறை பேசிய பிறகுதான் சேர்த்தார்கள். மற்ற இரண்டு பேருக்குக் கரும்புக் காட்டிலிருந்து பள்ளி வெகு தூரம். மீதி இரண்டு பேருக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அதில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு, கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போனவள். நன்றாக வாசிப்பாள். அவள் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, எல்லாம் குழம்பிப்போனது. வெட்டு தள்ளிப்போனது. ஜனவரியில் ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் அம்மா கடைசி நாளில் பிள்ளைகள் பதிவேட்டைச் செயலர் மேசையில் வைத்து, அதற்கு ஒரு கோப்பு எண்ணும் போட வைத்துவிட்டுப் போனார்.

பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம் மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை, அவராக வந்தார். வியாழக்கிழமை விடியற்காலை வண்டி என்றார். "அட்டை எத்தனை இருக்கு டீச்சரம்மா? இந்தத் தடவை ஒம்பது புள்ளைங்க."

ஆறு இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நோட்டைப் பார்த்து மீதி மூன்றையும் எழுதிக் கொடுத்தேன்.