மூணு மாசம் நான் அளந்தது ஃபிலிமை இல்ல

ஸ்டார்ச், பழத்தோல்ல இருந்து எடுக்கற பெக்டின் இதெல்லாம் வச்சு சாப்பிடக்கூடிய பேக்கிங் ஃபிலிம் பண்ற லேப்ல சேர்ந்தப்போ ஏதோ பெரிய கெமிஸ்ட்ரி பண்ணப் போறேன்னு நெனச்சேன், உள்ள போய் பாத்தா பாதி வேலை கஞ்சி காய்ச்சுறதுதான். ஸ்டார்ச்ச தண்ணில கலக்கி சூடு ஏத்தணும், பால் மாதிரி இருந்தது 70 டிகிரிய தாண்டுறப்போ கெட்டியாகி தெளிய ஆரம்பிக்கும். அப்புறம் ஃபிலிம் நொறுங்காம வளையறதுக்கு கிளிசரால் சேத்து, குமிழி போக வேக்கம்ல வச்சு, பெட்ரி டிஷ்ல ஊத்தி, 40 டிகிரி ஓவன்ல ராத்திரி பூரா விட்டா காலைல ஃபிலிம் ரெடி.

ரெடின்னு வாய்ல சொல்லிடலாம், உரிக்கிறப்போதான் உயிர் போகும். ஓரத்துல பிளேடு நுனிய விட்டு லேசா தூக்கணும். நல்ல ஃபிலிம்னா சர்ருன்னு ஒரே இழுப்புல வந்துடும், கிளிசரால் கம்மின்னா படக்குன்னு வெடிக்கும், ஜாஸ்தின்னா விரல்ல ஒட்டி தன்னையே சுத்திக்கும், பிரிக்கவே முடியாது. ஓவன் தட்டு கொஞ்சம் சாஞ்சிருந்தா கூட போச்சு, தடிமன் ஒரு பக்கம் 60 மைக்ரான் வரும், எதிர்பக்கம் 90 வரும். கட்டட வேலைக்காரங்க வச்சிருக்கற ரசமட்டம் ஒண்ணு வாங்கி ஓவனுக்குள்ள வச்சது நான்தான். அந்த லேப்ல என்னோட உருப்படியான முதல் கண்டுபிடிப்பு அதுதான்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

இப்போ விஷயத்துக்கு வரேன். முதல்ல வெறும் ஸ்டார்ச் ஃபிலிம் பண்ணி இழுத்துப் பாத்தேன், சவ சவன்னு நீண்டுட்டே போய் அறுந்துச்சு, ஸ்ட்ரெங்த் ரொம்ப கம்மி. அப்புறம் பெக்டின் கலந்து பண்ணேன், ஸ்ட்ரெங்த் கிட்டத்தட்ட டபுள். எனக்கு தரைல கால் நிக்கல. கிராஃப் போட்டு, கலர் எல்லாம் குடுத்து, மீட்டிங்ல காட்டுறேன், எங்க சீனியர் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "முதல் செட் டெஸ்ட் பண்ணப்போ ஏசி ஓடிச்சாப்பா?"

ஓடல. ரிப்பேர்ல கெடந்துச்சு, வெளிய மழை வேற. பெக்டின் செட் பண்ண வாரம்தான் ஏசி சரியாச்சு.

ஸ்டார்ச், பெக்டின் எல்லாம் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை கண்ணிகள் கோத்த நீள செயின். இந்த மாதிரி ஃபிலிமுக்கு தண்ணியே ஒரு பிளாஸ்டிசைசர், அதாவது இளக வைக்கற பொருள். செயின்ல எங்க பாத்தாலும் தண்ணிய பிடிச்சுக்கற ஹைட்ராக்ஸில் குரூப், காத்துல ஈரம் இருந்தா இழுத்துக்கும், செயினுக்கு நடுவுல தண்ணி புகுந்து ஒண்ணு மேல ஒண்ணு வழுக்க விட்டுடும், கிளிசராலும் அதே வேலையத்தான் பண்ணுது, அதுவும் போக ஈரத்த இன்னும் கூட்டிட்டு வருது. ஈரமான நாள்ல டெஸ்ட் பண்ணா தொய்வு, காஞ்ச நாள்ல பண்ணா விறைப்பு. ஆக மூணு மாசமா நான் அளந்துட்டு இருந்தது மழையையும் ஏசியையும்.

மெக்னீசியம் நைட்ரேட் கரையாம அடில தங்குற அளவுக்கு தண்ணில போட்டு, டெசிகேட்டர்னு சொல்ற காத்து புகாத மூடி போட்ட ஜாடியோட அடித்தட்டுல வச்சா உள்ள ஈரப்பதம் 53% கிட்ட நிக்கும். அதுல ரெண்டு செட்டையும் மூணு நாள் வச்சு, எடுத்த உடனே டெஸ்ட் பண்ணேன். பெக்டின் போட்டதுல வித்தியாசம் இருந்துச்சு, பொய் சொல்லல, ஆனா மீட்டிங்ல காட்டி பெருமை அடிக்கிற அளவுக்கு இல்ல.

தேன்மெழுகும் சேத்துப் பாத்தோம், தண்ணி ஆவிய தடுக்கறதுல இந்த ஃபிலிம் எல்லாமே வீக், காஞ்ச நிலையில ஆக்சிஜன நல்லாவே தடுக்கும், ஆனா ஆவின்னா விட்டுடும். மெழுகு 62, 64 டிகிரில உருகும், சூடா இருக்கறப்போவே ஹோமோஜினைஸ் பண்ணி, அதாவது பொடிப்பொடி துளியா ஒடைச்சு கலக்கி ஊத்தினோம், காயறப்போ அது பாட்டுக்கு மேல மிதந்து வந்து ஒரு முகம் மங்கலாவும் அடி முகம் பளபளப்பாவும் ஆயிடுச்சு. ஒரு கப்ல தண்ணி வச்சு ஃபிலிமால மூடி எவ்ளோ ஆவி போகுதுன்னு எடை போட்டு பாக்கற கப் டெஸ்ட்ல எந்த முகம் தண்ணிய பாக்குதுன்றத பொறுத்து ரீடிங் மாறுது. அத நோட்டுல எழுதி வைக்காததால ஒரு செட் முழுசா குப்பைக்கு போச்சு.

கடல்பாசில இருந்து எடுக்கற ஆல்ஜினேட் கதை வேற. அதோட செயின்கள கட்டிப் பிடிக்கறது கால்சியம். கால்சியத்த நேரா கலவைல கொட்டினா அங்கங்க கட்டி தட்டிடும், அதனால காஞ்ச ஃபிலிம கால்சியம் குளோரைடு கரைசல்ல முக்கி எடுத்தோம். தண்ணில போட்டா கரையாத ஸ்ட்ராங்கான ஃபிலிம், ஆனா முக்கற நேரம் கொஞ்சம் கூடினா கிளிசரால் எல்லாம் வெளிய கரைஞ்சு போய், காஞ்சதும் அப்பளமா நொறுங்குது.

இவ்ளோ நாள்ல ஒருத்தரும் இத வாய்ல வச்சுப் பாக்கலன்றதுதான் வேடிக்கை. லேப்ல எதையும் வாய்ல வைக்கக் கூடாதுன்றது ரூல், சரிதான், ஆனா சாப்பிடற ஃபிலிம்னு தானே பேரே வச்சிருக்கோம். ஃபுட் கிரேடு பொருள் வாங்கி, தனி ரூம்ல, தனி பாத்திரத்துல ஒரு பேட்ச் பண்ணி மென்னு பாத்தேன். மேலண்ணத்துல போய் ஒட்டிக்கிச்சு, அப்புறம் ஒரு கசப்பு, கால்சியம் குளோரைடோட கசப்பு. அக்காவும் ஒரு துண்டு வாங்கி வாய்ல போட்டுட்டு, ஒண்ணும் சொல்லாம போய் தண்ணி குடிச்சாங்க.

கால்சியம் லாக்டேட்ல அவ்ளோ கசப்பு இருக்காது. அதுல முக்கின பேட்ச் இப்போ டெசிகேட்டருக்குள்ள இருக்கு, இன்னும் ரெண்டு நாள் பாக்கி.