நெட் போகுது, வருது

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு கீழே ஹாலோடு நின்றுவிடும். நான் வேலை பார்ப்பது மொட்டை மாடியில் தனியாக இருக்கும் ஒற்றை அறையில். நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு செங்கல் சுவரும் இருப்பதால் வைஃபை அங்கே வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு 30 மீட்டர் ரெடிமேட் லேன் கேபிள் ஒன்றை வாங்கி, படிக்கட்டுச் சுவரோரமாக ஏற்றி, மாடிக் கதவு வழியாக வெளியே எடுத்து, அறை ஜன்னலில் நுழைத்துக் கம்ப்யூட்டரில் சொருகினேன். அதற்கப்புறம் அப்படி ஒரு கேபிள் இருப்பதையே மறந்துபோனேன்.

ஊர் தென்காசிப் பக்கம். கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மாதாமாதம் 20ஆம் தேதி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அந்த ஜூலையில், 18ஆம் தேதி வாக்கில், நெட் போக ஆரம்பித்தது.

ஒரேயடியாகப் போயிருந்தால் புகார் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இது பத்து விநாடி போகும், வரும். அப்புறம் அரை மணி நேரம் ஒன்றும் ஆகாது. பிறகு ஐந்து நிமிஷத்தில் நாலு தடவை போகும். ஓடிபியை அடித்து சப்மிட் கொடுக்கும் நேரம் பார்த்து டாஸ்க்பாரில் கேபிள் படத்துக்குப் பதில் அந்த உருண்டை வந்து உட்காரும். அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்.

முதலில் இணைப்பு கொடுத்தவர்களைத்தான் திட்டினேன். புகார் பதிந்த மறுநாள் லைன்மேன் தம்பி வந்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆகியிருந்தது. மீட்டரைச் சொருகிப் பார்த்து, "மைனஸ் 19 வருது சார், சூப்பரா இருக்கு" என்றார். ஃபைபரில் ஒளி மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) வரை மங்கினாலும் பெட்டி தாங்கும் என்பதால் மைனஸ் 19 நல்ல கணக்குதான். ஒளி வராவிட்டால் எரியும் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கும் ஒருமுறைகூட எரிந்ததில்லை. அவர் இருந்த முக்கால் மணி நேரமும் நெட் போகவே இல்லை. எனக்குத்தான் பொய் சொன்னவன் மாதிரி கூச்சமாக இருந்தது. போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று ரவுட்டரை மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு, நாள் முழுக்க மழை. நெட் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆக, ரவுட்டர்தான் கோளாறு என்று முடிவு கட்டி, லைன்மேன் தம்பிக்கு நன்றி சொல்லி மெசேஜும் அனுப்பினேன். திங்கள்கிழமை பதினொரு மணிக்கு மறுபடியும் போனது.

அடுத்த நாலைந்து நாள் நான் செய்ததெல்லாம் எல்லோரும் செய்வதுதான். நெட்வொர்க் கார்டின் டிரைவரை மாற்றினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்குமே, அதை எடுத்தேன். எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை நிறுத்தினேன். அக்கா மகன் சொன்னான் என்று, இணையதளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. இதில் நான் செய்த முட்டாள்தனம், ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தது. சரியாகியிருந்தாலும் எதனால் சரியானது என்று தெரிந்திருக்காது. அம்மாவிடம் வேறு ஒரு காரணம் இருந்தது: "ஏய்யா, எந்நேரமும் அதையே பாத்துக்கிட்டு இருந்தா அதுக்கும் அலுத்துப் போகாதா?"

புத்தி வந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-க்கும் இன்னொன்றில் வெளியே 8.8.8.8-க்கும் நிற்காமல் பிங் ஓடவிட்டேன். 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். நெட் போகும்போது ரவுட்டர் பதில் சொல்லி வெளியுலகம் மட்டும் மௌனமாக இருந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே. ரவுட்டரே பதில் சொல்லாவிட்டால் கோளாறு நம் வீட்டுக்குள். பத்து பைசா செலவில்லாத இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் அந்தத் தம்பி மழைக்காலத்தில் வண்டியோட்டி வந்திருக்க வேண்டாம். ஏனென்றால் இரண்டு ஜன்னலிலும் ஒரே நொடியில் 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தது. பதில் தாமதமாகிறது என்று கூட இல்லை. அனுப்பவே வழியில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கிறது.

கம்ப்யூட்டரில் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரையும் அன்றுதான் திறந்தேன். என் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் நெட்வொர்க் சிப். லிங்க், அதாவது கேபிள் வழி இணைப்பு, அறுந்தால் 27 என்ற எண்ணிலும், முழு வேகத்தில் திரும்ப வந்தால் 32 என்ற எண்ணிலும் அதன் டிரைவர் நேரத்தோடு குறித்து வைக்கிறது. சிஸ்டம் பதிவை அந்த இரண்டு எண்களுக்கு மட்டும் வடிகட்டினால் மூன்று வாரக் கதையும் வரிசையாக வந்து நின்றது. பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் தேதி வாரியாக எழுதினேன். எல்லாமே காலை பத்துக்கு மேல், மாலை ஆறுக்குள். கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓடிய நாட்களில்கூட ராத்திரியில் ஒன்றுகூட இல்லை. அந்த மழை ஞாயிறிலும் ஒன்றுகூட இல்லை.

பகலில் போகிறது, ராத்திரியில் இல்லை, மழையில் இல்லை. வெயிலாக இருக்குமோ? சூட்டில் ஏதாவது விரிகிறதோ? தண்ணீர் மோட்டாராக இருக்குமோ? மோட்டார் போடும் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லி அம்மாவை இரண்டு நாள் படுத்தினேன். பொருந்தவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே ரவுட்டர் பக்கத்திலேயே வைத்து, ஒரு மீட்டர் கேபிளில் ஒரு முழு நாள் வேலை பார்த்தேன். ஒரு துண்டிப்பும் இல்லை. மறுநாள் அதைக் கீழேயே விட்டுவிட்டு, மாடியில் நீளக் கேபிளில் லேப்டாப்பைச் சொருகினேன். பகல் பன்னிரண்டுக்குள் மூன்று தடவை போனது. இனி சந்தேகமில்லை, கேபிள்தான்.

ஆனால் கேபிள் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எலி கடிக்கவில்லை, அணில் கடிக்கவில்லை. கம்ப்யூட்டர் கடையில் 200 ரூபாய்க்கு ஒரு லேன் டெஸ்டர் வாங்கி வந்தேன். இரண்டு துண்டாக இருக்கும். பெரியதைக் கீழ் முனையிலும் சின்னதை மேல் முனையிலும் சொருகினால் ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்குகள் வரிசையாக மின்னும். நாலு ஜோடியாக இருக்கும் எட்டுக் கம்பிக்கு எட்டு விளக்கு. அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் எட்டும் அழகாக எரிந்தன. தலையில் அடித்துக்கொண்டு படுத்தேன்.

இதற்கிடையில் ஒரு குறுக்கு வழியையும் பார்த்துவிட்டேன், அதைச் சொல்லியாக வேண்டும். லிங்க் திரும்ப வரும்போது சில நேரம் வேகம் 1000 என்றும் சில நேரம் 100 என்றும் காட்டியது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டில் நாலு கம்பிதான் வேண்டும்: 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, எட்டுமே வேண்டும். என் பிளானே 100 எம்பிபிஎஸ்தானே என்று கார்டின் அமைப்பில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று பூட்டி வைத்தேன். துண்டிப்பு நின்றே போனது! ஆனால் பெரிய ஃபைலை அனுப்பினால் நொண்டியது. படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் என் பக்கம் மட்டும் பூட்டிவிட்டேன். ரவுட்டர் பக்கம் இன்னும் ஆட்டோ, அதாவது எதிர்முனையோடு பேசி வேகத்தை முடிவு செய்யும் நிலை. எதிர்முனையிலிருந்து பேச்சுவார்த்தைக்குப் பதில் வராததால் ரவுட்டர் வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று தானாக வைத்துக்கொள்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும் என்று அது நினைக்க, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் நிற்காமல் பேசிக்கொண்டே இருக்கிறது. பேச்சு மோதிச் சிதறுகிறது. ஆட்டோவுக்கே திருப்பிவிட்டேன். ஆனால் ஒரு துப்பு கிடைத்தது: 100-இல் நிற்கிறது என்றால் கோளாறு மற்ற நாலு கம்பிகளில்தான், அதாவது நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ.

மறுநாள் காலை பதினொரு மணி. ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் தெருவில் சும்மா வீசாது, தள்ளும். நான் மாடியில் டெஸ்டரின் சின்னத் துண்டைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்று, கீழே இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "அந்த ஒயரைக் கொஞ்சம் ஆட்டிப் பாரும்மா" என்றேன். அம்மா ஆட்டினாள். எட்டும் எரிந்தன. அந்த நேரத்தில் காற்று மாடிக் கதவை ஒரு தள்ளு தள்ளி, 'டமார்' என்று சுவரில் அடித்தது. ஆறு எரிந்தது, எட்டு எரிந்தது. ஏழு எரியவில்லை.

கதவைக் கையால் மெல்ல ஆட்டினேன். ஏழு வந்தது. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். ஏழு போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நானேதான் அந்தக் கேபிளை இரும்புக் கதவின் கீல் பக்க இடுக்கில் விட்டிருந்தேன். பகலில் துணி காயப்போட, வற்றல் கிளற என்று அம்மா ஏறி இறங்குவதால் கதவு திறந்தே கிடக்கும். ஜூலை பாதியில் காற்று வலுத்ததும் நாள் முழுக்க ஆடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கேபிள் அதே இடத்தில் மடங்கி நிமிரும். விளக்கு வைத்ததும் கொசுவுக்குப் பயந்து அம்மா கதவைத் தாழ் போட்டுவிடுவாள். கேபிள் அசையாது, நெட் போகாது. மழை நாளில் சாரல் உள்ளே அடிக்கும் என்று பகலிலும் தாழ்தான். லைன்மேன் தம்பி வந்தது, நான் டெஸ்டரை வைத்துப் பார்த்தது, இரண்டுமே தாழ் போட்ட பிறகு.

கேபிளை அந்த இடத்தில் வெட்டி எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். வெளி உறை லேசாக வெளுத்திருந்ததே தவிரக் கிழியவில்லை. பிளேடால் உறையை உரித்ததும் உள்ளே எட்டுக் கம்பியும் முழுசாகவே தெரிந்தன. ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். ஏழு கம்பிகள் விறைப்பாக நின்றன. ஏழாவது கம்பியான வெள்ளை-பிரவுன் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. மேல் பிளாஸ்டிக் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் மட்டும் முறிந்திருந்தது. முறிந்த இரண்டு முனைகளும் ஒட்டி நிற்கும்போது லிங்க் இருக்கிறது, மயிரிழை விலகினால் போய்விடுகிறது. போனதும் இரண்டு முனைகளும் முதல் இரண்டு ஜோடிகள் வழியாகப் பேசி, ஜிகாபிட்டிலேயே போகலாம் என்று ஒப்புக்கொண்டு, நாலாவது ஜோடி கிடைக்காமல் தோற்று, மறுபடி முதலிலிருந்து பேசுகின்றன. அந்தப் பத்து விநாடிக்கு அதுதான் கணக்கு.

வெட்டிய முனையைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளி மாதிரி மின்னியது. அலுமினியத்துக்கு மேலே செம்பு முலாம். விலை குறைவு என்று வாங்கினேன் அல்லவா? செம்பு இன்னும் கொஞ்ச காலம் வளைந்து கொடுத்திருக்கும். அலுமினியம் சீக்கிரம் முறியும்.

அண்ணாச்சி கடையில் சுத்தச் செம்பு கேட்-6 கேபிள் மீட்டர் 28 ரூபாய் என்று 28 மீட்டர், கூடவே கேபிள் நுனியில் மாட்டும் பத்து ஆர்ஜே-45 முனைகள். பத்து வாங்கியது நல்லதாகப் போயிற்று. முனையை அழுத்தி மாட்டும் கிரிம்பிங் டூலை நண்பனிடம் இரவல் வாங்கினேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே அடுக்கினேன். இதில் பச்சைக்கு நடுவே நீல ஜோடி வந்து உட்காரும் இடத்தில்தான் கை தடுமாறும். பச்சையை வெள்ளை-பச்சைக்குப் பக்கத்திலேயே வைத்து முதல் முனையை வீணாக்கினேன். இரண்டாவதில் கம்பிகளை நேராக வெட்டாததால் ஒன்று உள்ளே முட்டவில்லை. மூன்றாவதில் வெளி உறை முனைக்குள் நுழையும் அளவுக்கு மட்டும் உரித்து, கிளிப் அந்த உறையைக் கவ்வும்படி அழுத்தினேன். அது நின்றது.

கதவுப் பக்கமே போகவில்லை. பக்கத்துச் சுவரில் எலக்ட்ரீஷியன் அண்ணன் துளை போட்டுக் கொடுத்தார். வெளிப்பக்கம் சற்றுத் தாழ இருக்கும்படி சாய்த்துப் போட்டார், மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க. மாடியில் வெயில் படும் தூரம் வரை பிவிசி குழாய். துளைக்கு வெளியே கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்திருக்கிறோம். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

ஆகஸ்ட் 20ஆம் தேதி பதினேழு ரிட்டர்ன் போட்டேன். வெளியே காற்று அதே பேய்க்காற்று. வேலை முடிந்ததும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டபோது விழுந்த ஒரு 32-ஐத் தவிர வேறெதுவும் இல்லை.

கதவு மட்டும் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. "நெட்டு சரியாப் போச்சுல்ல, அதுக்கு ஒரு கொக்கி எப்பதான் வாங்கப் போற?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். இப்போதைக்கு ஒரு செங்கலை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.