கடைசிச் சாலுரானில் வரிசை இல்லை

மலேசிய இந்தியர்களிடையே தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர், “நாம ஏழு விழுக்காடுதான், நாம போட்டு என்ன ஆகப் போவுது?” என்று கேட்டுவிடுகிறார். மொத்தமுள்ள 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட நாம் பெரும்பான்மை இல்லை என்பது உண்மைதான். ஆனால் மலாய், சீனர் என்ற மற்ற இரு பெரிய சமூகங்களின் வாக்குகள் சிதறும் தொகுதியில் இந்தச் சிறு எண்ணிக்கையே முடிவைத் தீர்மானிக்கும். பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தொகுதியைப் பாருங்கள். அங்கே வாக்காளர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் இந்தியர். 2013இல் மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) டத்தோஸ்ரீ பழனிவேல் அங்கு வென்றது 462 வாக்குகளில். 2018இல் அதே கட்சியின் சிவராஜ் வென்றது 597 வாக்குகளில். பிந்தைய முடிவைத் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது வேறு கதை. நாலைந்து தோட்டங்களில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் கிளம்பி வந்திருந்தால் இவ்விரு முடிவுகளும் எப்படியும் போயிருக்கலாம்.

முன்பு ஒரு சாக்கு இருந்தது. 21 வயதானவர் தாமாகவே அஞ்சலகத்துக்கோ வேறு பதிவு முகப்புக்கோ போய் வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது, பலர் போகவில்லை. 2019 ஜூலையில் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 டிசம்பரில் அது நடப்புக்கு வந்ததும், 18 வயது நிரம்பியவர்களின் பெயர்கள் விண்ணப்பமே இல்லாமல் பட்டியலில் சேர்ந்துவிட்டன. 2018இல் ஏறக்குறைய ஒரு கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022 பொதுத்தேர்தலில் இரண்டு கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. வாக்களித்தோர் விகிதமோ 82 விழுக்காட்டிலிருந்து 74க்கு இறங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் 55ஐ ஒட்டியே நின்றது. பெயர் சேர்வது ஒன்று, ஆள் வருவது வேறு.

நம்மவர்கள் வராமல் போவதற்கு அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன; அடையாள அட்டையில் மட்டும் தோட்டத்து முகவரி அப்படியே தங்கிவிட்டது. லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு செம்பனை நட்டாகிவிட்ட இடத்தில், கிள்ளானில் குடியிருக்கும் ஒருவருடைய வாக்கு இன்னும் இருக்கிறது. அன்றாடக் கூலிக்கு லாரி ஓட்டும் அவர், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பெட்ரோலுக்கும் டோலுக்கும் கைக்காசைப் போட்டு, தமக்கு இனி எந்தத் தொடர்பும் இல்லாத தொகுதிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கப் போக வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிட்டால் வாக்குத் தொகுதியும் தானாக மாறிவிடும் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மாறாது, தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு அது பயன்படாது.

2022இல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி முகவராக அமர்ந்திருந்தேன். அங்கே வாக்காளர்களை வயது வரிசைப்படி சாலுரான்களாக, அதாவது தனித்தனி வாக்களிப்பு அறைகளாக, பிரித்திருப்பார்கள்: முதல் சாலுரானில் தாத்தா பாட்டிகள், கடைசியில் புது வாக்காளர்கள். குமாஸ்தா பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்க, நாங்கள் பட்டியலில் அடிக்கோலை வைத்து அந்தப் பெயரைக் கோடிட்டு அடிப்போம். முதல் சாலுரான் வாசலில் காலை எட்டு மணிக்கே கைத்தடிகளும் சக்கர நாற்காலிகளும் வரிசை பிடித்தன. கடைசி அறையிலோ மதியம்வரை பக்கம் பக்கமாகப் பெயர்கள் கோடு விழாமலே கிடந்தன.

மாலையில் ஒவ்வொரு சாலுரானின் கணக்கும் 14ஆம் பாரம் என்னும் வாக்கு எண்ணிக்கைப் படிவத்தில் தனித்தனியே எழுதப்பட்டு, எல்லாக் கட்சி முகவர்களின் கைக்கும் போகிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். உங்கள் வட்டாரத்தில், உங்கள் வயதினர் எத்தனை பேர் வந்தார்கள் என்பது ரகசியமே அல்ல. தமிழ்ப்பள்ளி மானியம், கோயில் நிலம் என்று மனுவோடு போகிறவர்களை எவ்வளவு நேரம் உட்கார வைத்துப் பேசுவது என்பதை, அந்தத் தாளைப் பார்த்தே அரசியல்வாதி முடிவு செய்கிறார் என்பது என் கணிப்பு.

“போட்டுத்தான் பார்த்தோமே” என்று சொல்பவர்களின் கசப்பை நான் மறுக்கவில்லை. 2007 நவம்பர் 25இல், இந்தியர் உரிமைக்காக இண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணியில் திரண்ட கோபம், 2008 மார்ச் 8இல், 1974 முதல் அசைக்க முடியாதிருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைப் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் தொகுதியில் தோற்கடிக்க உதவியது. அதன் பிறகும் குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கங்கள் மாறியும் வேலையிலும் உயர்கல்வியிலும் நம் குறைகள் தீரவில்லை. ஆனால் கொள்கைக்காகப் புறக்கணித்தவரும் சோம்பலில் தூங்கிவிட்டவரும் 14ஆம் பாரத்தில் ஒன்றாகத்தான் தெரிகிறார்கள். உண்மையிலேயே எவரும் வேண்டாம் என்றால், வந்து சீட்டைச் செல்லாததாக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். அதற்காவது அந்தப் பாரத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் இருப்பதைப் புரட்சி என்று சொல்லிக்கொள்வதைவிட அது நேர்மையானது, அவ்வளவே.

அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கும் போகாமல், பிறகு மின்தூக்கி ஓடவில்லை என்று வாட்ஸ்அப்பில் திட்டுவதும் இதே பழக்கத்தின் இன்னொரு கிளைதான்.

கோயில் நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருவிழா நாளில் மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் வாக்குத் தொகுதியைத் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள். முகவரி பழையதாக இருந்தால் மாற்றும் வழியைக் காட்டுங்கள். “கோயிலில் அரசியல் வேண்டாம்” என்று செயலவையில் ஒருவர் நிச்சயம் எழுந்து நிற்பார். அவருக்கும் மதிப்புக் கொடுத்து, அந்த மேசையில் கட்சிக்காரர் எவரையும் உட்கார வைக்காதீர்கள். ஒரு கைப்பேசியும், பொறுமையாகப் பதில் சொல்லும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தால் போதும்.