அக்காவுக்கு ஒரு பாலிசி

ஜூன் 3
அக்காவுக்கு வேலை போய் மூன்று மாதம். சம்பளத்தோடு கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த காப்பீடும் போய்விட்டது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. பிரஷர் மாத்திரை அட்டையில் கடைசி இரண்டு மாத்திரை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "இனிமே ஆஸ்பத்திரின்னா மொத்தமும் கைக்காசுதான்டா" என்றாள். வயது 52. மாத்திரை ஏழு வருஷமாக.

பல குழுக் காப்பீடுகளைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதற்குக் கெடுவும் உண்டு. வேலையை விட்ட வாரமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஜூன் 5
இருப்பதிலேயே மலிவான பிரீமியத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. டிடக்டிபிள் (பில்லில் முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, கோ-பே (மீதியில் நம் பங்கு) எவ்வளவு என்று பார்த்ததும் காகிதத்தை எடுத்தேன்.

பில் 100 என்று வைத்துக்கொள்வோம். மலிவு பாலிசியில் முதல் 30 நம் தலையில். மீதி 70-இல் 30 சதவீதம் கோ-பே, அது 21. ஆக 51. பாதிக்கு மேல் நாமே கட்டுவதற்குப் பாலிசி எதற்கு? பிரீமியம் கொஞ்சம் கூடிய இன்னொன்றில் டிடக்டிபிள் 10, கோ-பே 10 சதவீதம். 10-உம் 9-உம் 19.

அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மளிகைக் கணக்கு மாதிரி போட்டுட்டியே" என்றாள். அப்படித்தான் போட வேண்டும் போல.

ஜூன் 9
ஏஜென்ட் பேசினார். நல்லவிதமாகத்தான் பேசினார். விண்ணப்பத்தில் 'தற்போது ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா?' என்ற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அதை இல்லைன்னு போட்டுடுங்க சார். பிரீமியம் குறையும்" என்றார். ஸ்பீக்கரில் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏழு வருஷச் சீட்டும் டாக்டர்கிட்ட இருக்கே, அதை யார் மறைக்கிறது?" என்று பட்டென்று கேட்டாள். மறுமுனையில் சத்தமில்லை.

மறைத்தால் இன்றைக்குப் பிரீமியம் குறையும். நாளைக்குக் கிளெய்ம் போகும்போது பழைய சீட்டைத் தோண்டி எடுப்பார்கள். ஒரு பைசா தேறாது, பாலிசியையே ரத்து செய்யவும் கூடும். 'ஆம்' என்றே எழுதினோம். ஏஜென்டை மாற்றிவிட்டோம்.

ஜூன் 10
ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலமாம், அது முடியும்வரை அந்த நோய்ச் செலவுக்குப் பணம் வராது. அது எதற்கு என்று அக்காவுக்குக் கோபம். நோய் வந்த பிறகு மட்டும் ஆட்கள் சேர்ந்தால் பொதுப் பானையில் எடுப்பவர்கள்தான் இருப்பார்கள், போடுபவர்கள் இருக்க மாட்டார்கள் என்றேன். 1929-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பெய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு 21 நாள் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டது. அத்தனை குறைவாக வாங்க முடிந்தது, திடமானவர்களும் நோயாளிகளும் கூட்டமாகச் சேர்ந்ததால்தான்.

"அப்ப நாமளும் கூட்டமா சேர்ந்தா?" என்றாள். நல்ல கேள்வி. அவள் உறுப்பினராக இருக்கும் தொழில் சங்கத்தில் விசாரித்தேன். குழுக் காப்பீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறைதான் சேர்க்கை, போன மாதம் முடிந்துவிட்டது.

ஜூன் 14
காப்பீட்டுக் கம்பெனியின் கார்டை ஏற்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் அக்கா வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அங்கே போன் போட்டேன். "அந்தக் கம்பெனி கார்டு இப்ப எடுக்கிறதில்லைங்க" என்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து.

ஜூன் 18
19 கணக்கு வந்த பாலிசியின் பட்டியலில் இருக்கும் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். கார்டை எடுக்கிறார்களாம். அதற்கே பணம் கட்டியாயிற்று. அந்த முதல் 10-க்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. அக்கா தையல் காசை அதில் போடுகிறாளாம்.

ஜூன் 27
பாலிசி வந்துவிட்டது. பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் படித்துவிட வேண்டும் என்று இரவே உட்கார்ந்தோம். எவை எவை கிடையாது என்ற பகுதிதான் நீளம். அதை அக்கா வாய்விட்டு வாசித்தாள்.

'உயர் ரத்த அழுத்தம்: தெரிவிக்கப்பட்டது, காத்திருப்பு 24 மாதம்.' அந்த வரி சரியாக இருக்கிறது. பிறந்த வருஷம்தான் தப்பு, அவளை இரண்டு வயது மூத்தவளாக்கியிருக்கிறார்கள். திருத்தச் சொல்லி மெயில் போட்டாயிற்று.