முதல் 24 மணி நேரமும் மாதம் 200 ரூபாயும்

கைதானவர்களுக்குத் துணை நிற்கிற மனித உரிமை அமைப்புகளுக்கு நாம் ஏன் மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒருவரைக் கைது செய்தால் போலீஸ்காரர் ஒரு தாள் எழுதியாக வேண்டும். அரெஸ்ட் மெமோ என்பார்கள். கைதான நாள், நேரம், இடம் அதில் இருக்கும். வீட்டு ஆள் ஒருவரோ, ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும். அந்தத் தாளின் உயிர்நாடி நேரம் எழுதும் இடம்தான். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்து ஓட ஆரம்பிக்கிறது. காலை 6 மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போனவரை இரவு 7 மணிக்குக் கைது செய்ததாக எழுதிவிட்டால், நடுவில் 13 மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும். கேட்க ஆளில்லாத நேரம் என்றால் அதுதான்.

இந்தத் தாள் தானாக வந்துவிடவில்லை. மேற்கு வங்கத்தில் ஒரு சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே.பாசு, லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைச் சேர்த்து, 1986-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். அதில் போட்ட 11 கட்டளைகளில் ஒன்றுதான் இந்த மெமோ. இப்போது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36-வது பிரிவில் இருக்கிறது. பத்து வருஷம் ஒரு கடிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதால் கிடைத்த தாள் அது. 1976-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த மக்கள் சிவில் உரிமைக் கழகமும் இப்படித்தான். தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு விதிமுறை, வாக்கு இயந்திரத்தில் நோட்டா பொத்தான், என்கவுன்ட்டர் சாவு நடந்தால் கட்டாய விசாரணை எல்லாம் அந்தக் கழகம் போட்ட வழக்குகளில் வந்தவை.

சேலத்தில் இருக்கிற நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த பதினாறாம் நாள், பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பு என்று 21-வது பிரிவு சொல்ல ஆரம்பித்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

உரிமை அமைப்புகள் மேடை போட்டுப் பேசுகிறவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் முக்கால்வாசி தாளும் தபாலும் பஸ்ஸும்தான். ஒரு கைதில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் புரியும்.

முதல் சிக்கல், யாரிடம் கேட்பது என்பது. சேலம் மாநகருக்குள் நடந்தால் போலீஸ் கமிஷனர். ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி. மலையிலிருந்து இறங்கி வருகிற குடும்பம் நேராகக் கமிஷனர் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடும். அரை நாள் போய்விடும். நாகலூரிலிருந்தோ வெள்ளக்கடையிலிருந்தோ பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவர்களுக்கு அந்த அரை நாள் பெரிய இழப்பு. திரும்பிப் போக பஸ் இருக்குமா என்ற கவலை வேறு.

அடுத்தது எழுத்தில் புகார். முன்பெல்லாம் ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்றால் உடனே தந்தி அடிப்பார்கள். தந்தியில் நேரம் பதிவாகும், பின்னால் கோர்ட்டில் அது பேசும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. எஸ்.பி. அல்லது கமிஷனருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டும். கூடவே ஸ்பீட் போஸ்ட்டிலும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். கடிதம் நாலு வரி போதும்: யாரை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்த வண்டியில், யார் பார்த்தார்கள். கோபத்தில் இரண்டு பக்கம் எழுதி நேரத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

அதே நாளில் இன்னொரு கடிதமும் போக வேண்டும்: ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை கொடுத்தார். ஆகவே கடிதத்தை நாலு நாள் தள்ளக் கூடாது. பொதுமக்கள் யாராவது செல்போனில் எடுத்திருந்தால், அந்தப் போனை அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய காப்பியில் எடுத்த நேரம் போன்ற விவரம் தங்காது. கோர்ட்டில் கொடுக்க புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது 'அடித்தார்களா' என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பக்கத்தில் நிற்கிற போலீஸைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு சொல் வழக்கு முடிகிறவரை துரத்தும். அதனால் அதற்கு முன்பே ஒரு வக்கீல் போய்ப் பேசியிருக்க வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க பி.என்.எஸ்.எஸ். 38-வது பிரிவில் உரிமை இருக்கிறது. ஏன் கைது என்று ஆளிடம் சொல்லாமல் செய்த கைது செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் அழுத்தமாகச் சொன்னது. அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்க வேண்டும். காயத்தைப் பற்றி டாக்டர் முதலில் எழுதுவது அதில்தான்.

இலவச சட்ட உதவி மையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பயன்படுத்தத்தான் வேண்டும். 15100-க்குப் போன் செய்யலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானக் கணக்கே பார்க்காமல் வக்கீல் தருவார்கள். ஆனால் அந்த வக்கீல் கோர்ட் வேலையைத்தான் பார்ப்பார். இரவு 11 மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பதும், சாட்சி சொன்ன டீக்கடைக்காரரை மறுநாள் யாராவது மிரட்டினார்களா என்று போய்ப் பார்ப்பதும் அவர் வேலையில் சேராது. அதைத்தான் அமைப்பு செய்கிறது.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982-ஆம் வருஷத்து 14-வது சட்டத்தில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். ஜாமீன் என்ற பேச்சே அதில் கிடையாது. மாநகரில் கமிஷனரும் மாவட்டத்தில் கலெக்டரும் உத்தரவு போடலாம். 12 மாதம்வரை உள்ளே வைக்கலாம். காரணங்கள் அடங்கிய தாள் கட்டை ஐந்து நாளுக்குள் கைதியிடம் கொடுக்க வேண்டும். அடைத்தது சரியா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்துக்கு மூன்று வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். அங்கே வக்கீல் வைத்துப் பேச உரிமை கிடையாது. ஆனால் வக்கீல் அல்லாத ஒரு நண்பர் கூட இருந்து பேசலாம் என்று 1981-ல் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த வழி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. விவரம் தெரிந்த ஒரு அமைப்புக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்வது சும்மா இல்லை. அந்தக் கட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் தெளிவாக இல்லையா, ஆங்கிலத் தாளுக்குத் தமிழாக்கம் விட்டுப்போயிருக்கிறதா, கைதி அனுப்பிய மனுவை அரசு பல நாள் பார்க்காமல் வைத்திருந்ததா? உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு ஜெயிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஓட்டைகளில்தான். சேலத்துக்காரர்கள் அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ஒரு வழிக்கே சுமார் 340 கிலோமீட்டர். வாய்தா தள்ளிப்போனால் திரும்பவும் அதே தூரம்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அடுத்த தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள். கைது செய்த பெண்களைக் கொண்டுவந்து அடைத்தது சேலம் சிறையில். விஷயத்தை வெளியில் கொண்டுவந்தது மலைவாழ் மக்கள் சங்கம். அப்போது அந்தப் பெண்கள் சொன்னதை நம்ப அரசாங்கத்தில் ஆளில்லை. உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது 1995-ல். தருமபுரி கோர்ட் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. அப்பீலில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. மொத்தம் 31 வருஷம்.

அந்த 31 வருஷத்தில் எத்தனை வாய்தா வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, கோர்ட் வராந்தாவில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் யாராவது கொடுத்தால்தான் சாட்சி வருவார். சாட்சி வந்தால்தான் வழக்கு நிற்கும்.

பணம் கொடுப்பதைப் பற்றி இந்த இடத்தில்தான் பேச வேண்டும். செய்தி சூடாக இருக்கும்போது எல்லோரும் கொடுக்கிறோம். மூன்றாவது மாதம் நின்றுவிடுகிறது. வழக்கோ அப்போதுதான் எண்ணே வாங்கியிருக்கும். ஒரே தடவை 5,000 கொடுப்பதைவிட, மாதம் 200 ரூபாய் விடாமல் கொடுப்பது அமைப்புக்கு எத்தனையோ மடங்கு உதவும். 200 ரூபாய் கொடுக்க 100 பேர் இருந்தால் வருஷத்துக்கு 2,40,000. ஜெராக்ஸ், தபால், சென்னைப் பயணம், சாட்சிகளின் பஸ் கட்டணம், இதை வைத்து ஒரு ஊர்க் கிளை தைரியமாகத் திட்டம் போடலாம்.

யாருக்குக் கொடுப்பது? சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, தனி ஆளின் ஜிபே எண்ணா? தனி ஆள் எண் என்றால் நல்லவராகவே இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு அவருக்கு ஒரு வழக்கு வந்து கணக்கை முடக்கினால் எல்லோருடைய பணமும் மாட்டிக்கொள்ளும். வருஷக் கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்கிறார்களா? உண்மை அறியும் குழு போனால் எதிர்த் தரப்பையும், போலீஸையும் பார்த்துக் கேட்டுவிட்டு எழுதுகிறார்களா? பாதிக்கப்பட்டவர் படத்தை அவரைக் கேட்காமல் போடுகிறார்களா? எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. தங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் லாக்கப்பில் அடி வாங்கினாலும் இதே அமைப்பு போய் நிற்குமா? பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வரிச் சலுகையை நம்பிக் கொடுக்கிறவர்கள், 80ஜி என்று சொல்கிற நன்கொடை வரிச் சலுகைப் பதிவு அமைப்புக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. பல உரிமை அமைப்புகள் பெரிய நிதி நிறுவனங்களிடம் பணமே வாங்குவதில்லை, உறுப்பினர் சந்தாவில்தான் நடக்கிறார்கள். அங்கே 80ஜி கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். மகன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் சேரும். எப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத அமைப்பின் கணக்கில் அந்தப் பணம் விழுந்தால், பிள்ளையின் நல்ல மனசே அமைப்பை மூடவைக்கிற ஆதாரமாகிவிடும். அனுப்புவதற்கு முன்னால் அமைப்பின் பொருளாளரிடம் கேட்டுவிடுங்கள்.

பணம் இல்லாதவர்கள் கொடுக்க நிறைய இருக்கிறது. தமிழில் வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர், ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களை ஓர் இரவு தங்கவைக்க அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு அறை, பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்து விளக்க ஒரு டாக்டர், தகவல் உரிமை மனு எழுதிப் பழகியவர். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டம் 7-வது பிரிவில் இருக்கிறது. மனுவின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது 30 நாள் கெடு உள்ள சாதாரண மனுக்களோடு போய்ச் சேர்ந்துவிடும். மனுவில் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்ட மறக்க வேண்டாம்.

மாதச் சந்தாவுக்கு வங்கியில் நிலையான உத்தரவு கொடுக்கும்போது, சம்பளம் வருகிற மறுநாளைத் தேதியாகப் போடுங்கள். மாதக் கடைசியில் போட்டால் கணக்கில் இருப்பு இல்லாமல் இரண்டு மூன்று தடவை திரும்பும், வங்கியும் அபராதம் பிடிக்கும், நாமும் சலித்துப்போய் நிறுத்திவிடுவோம்.