ரப்பரில் செய்த போல்ட்: கொழிஞ்சாம்பாறைத் திண்ணையில் மூன்று ஞாயிறுகள்

மாமாவிடம் லைசென்ஸ் உள்ள பழைய .315 ரைஃபிள் ஒன்று இருக்கிறது. "இதுல இதைவிட வேகமான தோட்டா போட்டா என்ன மாமா ஆகும்?" என்று தம்பி மகன் கேட்டான். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மரத்தில் மாதிரி செய்துவிடுவது என்று இறங்கினேன். சுடாத, சுடவே முடியாத வெறும் விளக்க மாதிரி.

முதலில் கணக்கு. மாமாவுடையது பழைய .303 ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் வடிவம்தான், அதனால் .303ஐயே எடுத்துக்கொண்டேன். .303 தோட்டாவுக்கு, தோட்டாக்களின் அளவுகளை வரையறுக்கும் ஐரோப்பிய அமைப்பான சி.ஐ.பி. வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 3,650 பார். வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது, வெளிக்காற்றைவிட ஒரு பார்தான் கூடுதல். தோட்டாவின் மருந்து இருக்கும் பித்தளைக் குப்பியின் அடிப்பகுதி 11.7 மி.மீ. விட்டம், பரப்பு ஒரு சதுர செ.மீ.க்குச் சற்று மேல். பெருக்கினால் போல்ட்டை, அதாவது குப்பியைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் எஃகுத் தடியை, பின்னால் தள்ளும் விசை 4 டன் அளவுக்கு வருகிறது. நிஜத்தில் குப்பி விரிந்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவரைப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் குறையும். அதனால்தான் சேம்பரில் எண்ணெய் விடக் கூடாது. பிடி போய்விட்டால் முழுப் பாரமும் போல்ட்டின் தலையில் இறங்கும்.

இரண்டு மாதிரி செய்தேன். ரிசீவர் (போல்ட் ஓடும் கூடு) தேக்கு, போல்ட் 30 மி.மீ. ரப்பர் தடி. எஃகும் அமுங்கத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாது, ரப்பரில் தெரியும். ஒன்றில் லீ-என்ஃபீல்டு போல, போல்ட்டை ரிசீவரில் பூட்டும் புடைப்பான லக் பின்பக்கம். மற்றதில் 1898 மவுசர் ரைஃபிள் போல முன்பக்கம், குப்பிக்குப் பக்கத்தில். இரண்டின் மேலும் 8 கிலோ மணல் வாளியை ஏற்றினேன். பின்லக் மாதிரி 5 மி.மீ. அமுங்கியது. முன்லக் அரை மில்லிகூட இல்லை. பாரம் ஒன்றுதான், அமுங்குகிற நீளம்தான் வேறு. போல்ட் அப்படிப் பின்வாங்கும்போது பித்தளைக் குப்பி பின்னால் இழுபட்டு நீள்கிறது. அது கிழிந்தால் வாயு சுடுபவர் முகத்துக்குத்தான் வரும். பையனுக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

பையன் கேட்ட மாதிரி இன்னும் வலுவான தோட்டா என்றால், 7.62 நேட்டோ என்ற ராணுவத் தோட்டாவின் அழுத்தம் 4,150 பார் அளவில் இருக்கும். 1960களில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்டு வடிவத்தில் 7.62 ரைஃபிள் செய்தபோது எஃகையே மாற்றியது. வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று பழைய .303 ரிசீவரை நம்பிவிடக் கூடாது.

எஃகைப் பற்றிப் பட்டறை அண்ணனிடம் பேசியபோது, "வெயில்ல நின்னு நிறம் பாத்தா ஏமாத்தீரும், இருட்டுலதான் பாக்கோணும்" என்றார். அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் நடந்தது அப்படியே இதுதான். காய்ச்சிய இரும்பின் சூட்டைக் கண்ணால் மதிப்பிட்டார்கள். வெளிச்சமான நாளில் நிறம் மங்கித் தெரிய, அளவுக்கு மீறிச் சூடேற்றினார்கள். ரிசீவர்கள் கண்ணாடி போல நொறுங்கின. 1918இல் முறையை மாற்றினார்கள். வரிசை எண் 8,00,000க்குக் குறைந்த ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவர்களை இன்றும் சுட வேண்டாம் என்கிறார்கள்.

நேற்று பின்லக் மாதிரிக்கு மரத்தில் ஒரு போல்ட் செதுக்கி, லக்கில் விளக்குக்கரி தடவிப் பூட்டிப் பார்த்தேன். வலது லக்கில் மட்டும் கரி அழிந்திருந்தது. இடது தொடவே இல்லை. பாரம் முழுதும் ஒற்றை லக்கில். உப்புத்தாளால் வலதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இடதிலும் கரி அழிகிற வரை வாளியை ஏற்றப்போவதில்லை.