அடகில் மூழ்கிய கோட்டை: மோசல் கரை நாட்குறிப்பு

அக்டோபர் 7, 2025, செவ்வாய்

மதியம் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் கொகெம் வந்துவிட்டோம். கூட அக்கா மகன். கோப்ளென்ஸில்தான் படிக்கிறான். மோசல் ஆறு வளையும் இடத்தில், தண்ணீருக்கு நூறு மீட்டர் மேலே, குன்றின் தலையில் நிற்கிறது ரைக்ஸ்புர்க் கோட்டை. சரிவெங்கும் திராட்சைக் கொடிகள், இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கின்றன.

"ஆயிரம் வருஷமா அப்படியே நிக்குதா சித்தி?" என்றான். அப்படியே நிற்கவில்லை. நடுவில் 179 வருடம் அது வெறும் இடிபாடு. அதைப் பற்றி எழுதத்தான் இந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம். தனியாக உள்ளே நடக்க விடுவதில்லை, வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

கோட்டையின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 1051இல், அதுவும் ஒரு தானமாக. போலந்தின் ராணியாக இருந்து கணவனை இழந்த ரிஹேசா, தன் தந்தை வழி வந்த கோட்டையைத் தன் உறவினனான ஹைன்ரிஹ் பிரபுவுக்குக் கொடுத்தாள். அந்த ஹைன்ரிஹ் 1060இல், எதிரிப் படை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், புத்தி பேதலித்து இந்தக் கோட்டையிலேயே தன் மனைவி மட்டில்டாவைக் கோடரியால் வெட்டிக் கொன்றான். பிறகு ஒரு மடத்தில் அடைபட்டு இறந்தான். ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நினைவுதான். கோட்டையில் பார்த்த மற்ற எதுவும் மனதில் சரியாகப் பதியவில்லை.

1151இல் ஜெர்மன் அரசர் மூன்றாம் கொன்ராட் படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார். அன்றிலிருந்து அது புனித ரோமானியப் பேரரசின் கோட்டை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று முழுக்க கோட்டை அடகு போன கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

1294இல் அரசர் அடால்ஃபுக்கு முடிசூட்டு விழாச் செலவைக் கட்டப் பணம் இல்லை. கோட்டையையும், கொகெம் ஊரையும், சுற்றியிருந்த சுமார் ஐம்பது கிராமங்களையும் டிரியர் நகரை ஆண்ட பேராயர் போமுண்டிடம் அடகு வைத்தார். மீட்க முடியவில்லை. நான்கே வருடத்தில் போரில் செத்தும் போனார். அடுத்து வந்த ஆல்பிரெக்டாலும் மீட்க முடியவில்லை. கடைசியில் கோட்டையைப் பேராயருக்கே பரம்பரை உரிமையாக விட்டுக்கொடுத்தார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அடகு மூழ்கிவிட்டது.

ஐம்பது கிராமம் என்றால் எத்தனை வீடு, எத்தனை கொடி, எத்தனை பீப்பாய்! வட்டிக்குப் போனது அவர்கள் பிழைப்பு. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

டிரியரின் பிடி ஏறக்குறைய ஐந்நூறு வருடம் இருந்தது, பிரெஞ்சுப் புரட்சிப் படை வரும்வரை. நடுவில் 1689 மே மாதம், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை கோட்டைக்குத் தீ வைத்து, வெடி வைத்துத் தகர்த்தது. ஊரும் எரிந்தது. இடிந்த கோட்டைக்குச் சொந்தக்காரராக இருந்த பேராயர்களில் கடைசியானவர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ். மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை வகையை நடவேண்டும் என்று 1787இல் உத்தரவு போட்டவர் அவர்தான். மோசல் என்றதும் இன்று உலகம் ரீஸ்லிங்கை நினைப்பதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம்.

மாலையில் தங்கும் வீட்டுக்கார அம்மா தன் தோட்டத்தைக் காட்டினார். மண்ணே தெரியவில்லை. எல்லாம் உடைந்த சிலேட்டுக் கல். பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்து ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும் என்றார். ஆறு மணிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாகத்தான் இருந்தது. அப்புறம் பாதி புளித்த புது ஒயினும் வெங்காய கேக்கும் வைத்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

1868இல் பெர்லின் இரும்பு வியாபாரி லூயி ரவனே இடிபாட்டை வாங்கினார். வழிகாட்டி சொன்ன விலை வெறும் 300 தங்க மார்க். கோடைக்காலத்தில் குடும்பத்தோடு தங்க ஒரு வீடு வேண்டும் என்று, மிஞ்சிய சுவர்களைச் சேர்த்துக்கொண்டு, கோத்திக் பாணியில் எழுப்பினார். இன்று நாம் பார்க்கும் கூர்கோபுரங்கள் பெரும்பாலும் அவருடைய காலத்தவை. இதைப் "போலி" என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கட்டியிருக்காவிட்டால் அந்தக் கற்களும் சரிந்திருக்கும்.

ரவனே குடும்பம் ஹியூகெனாட் வழி வந்தது. அந்தப் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளை 1685இல் நாட்டைவிட்டு ஓடவைத்தவர் இதே பதினான்காம் லூயிதான். அவர் இடித்ததை, அவர் துரத்திய மக்களின் வாரிசு கட்டியிருக்கிறார். இதைச் சொன்னபோது அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

வேலை நடந்துகொண்டிருந்த 1874இல் அவர் மனைவி தெரேசா வேறொருவரோடு போய்விட்டார். குடும்பத்துக்காகக் கட்டிய வீடு! ரவனே 1879இல் இறந்தார்.

1942இல் அந்தக் குடும்பம் நாஜி அரசின் நீதித்துறைக்குக் கோட்டையை விற்க வேண்டியதாயிற்று. போருக்குப் பிறகு மாநில அரசிடம் வந்தது. 1978இல் கொகெம் ஊரே 6,64,000 மார்க் கொடுத்து வாங்கியது. ஐயாயிரம் பேர் சொச்சம் உள்ள ஊர். ராணி, பிரபு, அரசர், பேராயர், வியாபாரி, சர்க்கார் என்று மேலே இருந்தவர்கள் எல்லாம் வேறெங்கிருந்தோ வந்தவர்கள். எரிந்ததும் அடகு போனதும் கீழே இருந்தவர்கள். சாவி அவர்கள் கைக்கு வர 900 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த வருடம் ஞாபகம் இருக்கிறது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். "கூரைக்குச் செலவு யார் செய்வது என்று எங்கள் வீட்டில் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்" என்றார்.

அக்டோபர் 11, சனி

காலையில் டிரியருக்கு ரயில். அடகுக்கடை இருந்த பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். பேராயர்களின் அரண்மனை இன்னும் அங்கே நிற்கிறது. கொகெமைத் தாண்டியதும் நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கப்பாதை. ரவனே இறந்த அதே 1879இல் திறந்தது. கோட்டையை இன்னொரு முறை பார்க்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் இருட்டிவிட்டது.